வாய் நிறையத் தண்ணீர்

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு முழுவதும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. பேச முடியாது. ஒவ்வொரு வாயிலும் ஒரு மடக்குத் தண்ணீர். வகுப்பின் மூலையில் மணலைக் கொட்டி அதன்மேல் புதிதாக ஒரு மண்பானை. பானை மூடியின்மேல் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர்.

நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அது என் பீரியடு. அந்தப் பிள்ளைகள் வெளியே வெயிலில் கோ-கோ ஆடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

"என்ன சார் இது? எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பல்லுவலியா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"கோவத்த அடக்குதாங்க டீச்சர்," என்றார் பெருமையாக.

"யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்ல. இது பயிற்சி."

"இல்லாத கோவத்தையா சார் அடக்குதாங்க?"

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்னால் இருந்தவளின் சடையில் அத்தனை தண்ணீரும் பீய்ச்சியடித்தது. அப்புறம் வகுப்பே பீய்ச்சியது.

"மூதிகளா! ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல?" தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. கோபத்தை அடக்குவது எப்படி என்ற பாடத்தின் முதல் நாள் இப்படி முடிந்தது.

குற்றாலத்து ஞானம்

சென்ற வாரம் இந்தத் தொடரை நான் பாளையங்கோட்டைப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாக வந்து சேர்ந்த கதையில் நிறுத்தியிருந்தேன். தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சாரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'குக்கர் சார்'. முதலில் மூக்கில் ஒரு சீறல் வரும். இரண்டாவது சீறலுக்குள் தப்பித்துவிட்டால் பிழைத்தோம். சாக்பீஸ், டஸ்டர், வருகைப் பதிவேடு எல்லாம் அவர் கையில் பறக்கப் பழகியவை.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எங்கள் மாவட்டத்தில் அப்போது ஊருக்கு ஊர் பகை. இன்றைக்கு அங்கே வெட்டு, நாளைக்கு இங்கே பஸ் கண்ணாடி என்று சேதி வரும். எத்தனையோ நாள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் மூடி, பிள்ளைகளைச் சிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதா என்று கவலைப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம்.

வெட்டிக்கொண்டவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். இதற்கு மேலிடத்தில் யாரோ யோசித்துக் கண்டுபிடித்த மருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுப்பது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் மகளுக்குக் கஷாயம் கொடுக்கிற வைத்தியம்.

அதற்காகத் தலைமையாசிரியர்களைக் குற்றாலத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் நல்ல சீசனில். காலையில் அருவிக் குளியல், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, சாரல் காற்றில் ஒரு தூக்கம், சாயங்காலம் கோபம் கூடாது என்று ஒருவர் பேசுவார். இப்படி இருந்தால் யாருக்குத்தான் கோபம் வரும்? எங்கள் சார் முகத்தில் ஒரு தேஜசோடு திரும்பி வந்தார். அது ஜங்ஷனில் பஸ் இறங்கும் வரைக்கும் இருந்திருக்கும்.

அங்கே கற்றுக்கொண்டதுதான் தண்ணீர் வித்தை. கோபம் வந்தால் உடனே ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. கோபம் தணியும் வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். வாயில் தண்ணீர் இருந்தால் வசவு வராது. வசவு வராவிட்டால் கை நீளாது.

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார். "ஒருத்தருக்குக் கோபம் வந்துவிட்டால், பார்க்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து போய்த் தண்ணீர் டம்ளரை அவரிடம் நீட்ட வேண்டும். பெரியவர், சின்னவர் என்ற பாகுபாடு கிடையாது. பேசாமல் நீட்ட வேண்டும். அவரும் பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். மைக் கூவென்று ஊளையிட்டது. சார் மைக்செட்காரரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அவருக்கு யாரும் டம்ளர் நீட்டவில்லை.

எங்கள் வீட்டுச் சொத்து

கோபத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நான் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பிள்ளைமார் வீட்டில் பிறந்தவள். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் ஏகப்பட்ட வயல் இருந்ததாம். நான் பார்க்கும்போது வயலெல்லாம் கைமாறிவிட்டது. வயல் இருந்தபோது பட்ட கோபம் மட்டும் ஒரு சென்ட் குறையாமல் அப்பா பெயருக்கு வந்து சேர்ந்தது.

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அங்கே தாசில்தாரின் டிரைவர் முன்னால்கூடக் குரல் எழும்பாது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார், கோபத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். சொதியில் தேங்காய்ப்பால் தண்ணியாக இருந்தால் தட்டு முற்றத்தில் போய் விழும். அம்மை, "பைய, பைய, தெருவுக்குக் கேக்கும்" என்றபடி தட்டைப் பொறுக்குவாள். அப்பாவின் கோபம் போன்ற ஒரு நேர்மையான கோபம் இந்தத் தெருவிலேயே இல்லை என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

ஒருதடவை அண்ணனை மட்டும் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று தெரிந்து நானும் ஒரு தட்டை எறிந்தேன். அப்பா பிரமித்துப்போய்விட்டார். "பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் எங்கன இருந்து வந்துச்சு?" என்று அம்மையைக் கேட்டார். அவள் முற்றத்தைப் பார்த்தாள்.

என் கோபம் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள என்னையும் திருச்செந்தூருக்கு அழைத்துப்போனார்கள். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனி மலையேறிய சாமியிடமே போய் இப்படி ஒரு வேண்டுதல். கடலில் ஆசைதீரக் குளித்தேன், சுக்குக் கருப்பட்டி தின்றேன். கோபம் குறையவில்லை. ஆனால் நான் கேட்ட திருச்செந்தூர் கிடைத்தது.

அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. மேலே இருக்கிறவர் கோபப்பட்டால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர். கீழே இருக்கிறவர் கோபப்பட்டால் திமிர். பிற்பாடு நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களில் இதற்கு மாறாக ஒன்றையும் காணவில்லை.

பறிபோன பீரியடு

தண்ணீர் வித்தைக்குப் பீரியடு வேண்டுமே. தமிழை எடுக்க முடியாது, ஆங்கிலத்தை எடுக்க முடியாது. கணக்கைத் தொட்டால் கணக்கு சார் விடமாட்டார். மிச்சம் இருந்தது விளையாட்டு. ஏற்கெனவே பாதி விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் சிலபஸ் முடியவில்லை என்று வாங்கிக்கொண்டு போவார். மீதியைத் தண்ணீர் கொண்டுபோனது. கோ-கோ கம்பங்களில் சத்துணவு ஆயா துணி காயப்போட ஆரம்பித்தார்.

ஓடியாடித் தீர்க்க வேண்டியதைத் தீர்க்கவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? இருமடங்கு சண்டை போட்டார்கள். சண்டை போட்டால் தண்ணீர். பானை தினமும் காலியாகிக்கொண்டே இருந்ததால் திட்டம் வெற்றி என்றார் சார்.

பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கணக்கு சார் சூத்திரம் கேட்க ஆரம்பித்தால் பாதி வகுப்புக்குக் கோபம் வந்துவிடும். வரிசையாகப் போய் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாயில் தண்ணீர் இருப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது தலைமையாசிரியர் உத்தரவு. கணக்கு சாருக்கு வந்த கோபத்துக்குத்தான் பானை போதவில்லை.

எல்லோருக்கும் ஒரே டம்ளரா என்று கேட்டு இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தது. உதட்டில் படாமல் அண்ணாந்துதான் ஊற்றுகிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோபத்தை அடக்கும் டம்ளரைப் பற்றி அவ்வளவு கோபமாகப் பேசினார்கள். அவர்களுக்கும் யாரும் தண்ணீர் நீட்டவில்லை.

கோமதி

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒருத்திக்கு மட்டும் இது விளையாட்டு இல்லை. எட்டாம் வகுப்பு கோமதி. கோ-கோவில் அவளைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது. அவள் அம்மை பீடி சுற்றுகிறவள். கோமதியும் பள்ளிக்கு வருமுன் கொஞ்சம், போனபின் கொஞ்சம் என்று பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றுவாள். எவ்வளவு குளித்தாலும் புகையிலைத் தூள் வாசனை சடையில் லேசாக ஒட்டியிருக்கும்.

அவள் வகுப்பில் செந்தில் என்று ஒரு பையன், பள்ளிக் கமிட்டிக்காரரின் மகன். ஒருநாள் "ஏ பீடி, தீப்பெட்டி வேணுமாட்டி?" என்று கேட்டிருக்கிறான். கோமதியின் ஜாமென்ட்ரி பாக்ஸ் பறந்துபோய் அவன் நெற்றியில் பட்டு ரத்தம்.

விசாரணை நடந்தது. ஏன் எறிந்தாய் என்று கோமதியைத் திரும்பத் திரும்பக் கேட்டார் சார். என்ன சொன்னாய் என்று செந்திலை ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கோமதியின் அம்மையை வரவழைத்தார்.

"இன்னொரு மட்டம் இவ கோவப்பட்டா டி.சி.யக் கிழிச்சுக் குடுத்திருவேன். கூட்டிட்டுப் போயிரணும்."

அந்த அம்மாள் கெஞ்சவில்லை. "குடுத்துட்டா வேற பள்ளிக்கூடம் தேடி அலைய என்னால ஏலாது சார். பெறகு வீட்டோடதான் இருப்பா. தட்டு இருக்குல்லா," என்றாள். நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். 

வெளியே வந்து கோமதியைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான்னு விட வேண்டியதுதான?"

"நீங்க விடுவியளா டீச்சர்?"

நான் விசிலை எடுத்து, யாருமே இல்லாத மைதானத்தைப் பார்த்து ஊதினேன்.

ஒத்திகை

திட்டத்தைப் பார்வையிட மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வரப்போவதாகச் சேதி வந்தது. சார் உடனே ஒரு நாடகம் எழுதினார். ஒருவன் வந்து "என் எழுதுகோலை ஏன் எடுத்தாய்?" என்று அதட்ட வேண்டும். ஒருத்தி கோபம் வந்ததாகக் கையை உயர்த்த வேண்டும். பக்கத்தில் இருப்பவள் டம்ளரை நீட்ட வேண்டும். கோபக்காரி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தணிந்து, புன்னகைக்க வேண்டும். வாய் நிறையத் தண்ணீரோடு எப்படிப் புன்னகைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சாரே செய்து காட்டினார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பயந்து அழுதுவிட்டது.

கோபக்காரி வேடத்துக்குக் கோமதியைத் தேர்ந்தெடுத்தார். அதட்டுகிறவன் செந்தில்.

"சார், போயும் போயும் இந்த ரெண்டு பேரையுமா சோடி சேக்கிய?" என்றேன்.

"அதுலதான் டீச்சர் விசயமே இருக்கு. முன்ன எப்பிடி இருந்தா, இப்ப எப்பிடி ஆயிட்டான்னு அதிகாரியம்மாட்ட சொல்லலாம்லா?"

பத்திரிகையில் கூந்தல் தைல விளம்பரத்துக்கு இரண்டு படம் போடுவார்கள். அந்த மாதிரி ஒரு பிள்ளையை நிறுத்தப் பார்த்தார். நாடகத்தில் ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு டி.சி.தானே என்று கேட்டேன். "பின்ன?" என்றார், வெகு சாதாரணமாக.

டம்ளர் போன திசை

அதிகாரியம்மா தாமதமாக வந்தார். மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசாத வாய். துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்பு கன்னத்தை உப்பிக்கொண்டு வரவேற்றது. அவர் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்தில் எழுந்து வந்தான். நின்றான். வசனம் மறந்துவிட்டது. எழுதுகோல் என்ற சொல்லை அவன் வாழ்நாளில் நாடகத்துக்கு வெளியே சொன்னதில்லை. விழித்தான். சார் கண்ணால் உருட்டினார். பயத்தில் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வாயில் வந்துவிட்டது.

"ஏ பீடி! எம் பேனா எங்கட்டி?"

கோமதியின் கை உயர்ந்தது. ஒத்திகையில் உயர்ந்த கை இல்லை அது. பெஞ்சின்மேல் ஜாமென்ட்ரி பாக்ஸ் இருந்தது. நான் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஊதி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அவள் பாக்ஸைப் பார்த்தாள். கையை இறக்கினாள். டம்ளர் நீட்ட வேண்டியவள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்ததால் தானே பானைக்குப் போய் மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். கன்னம் உப்பியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதை அடக்குவதற்குக் குற்றாலத்தில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லைபோல. புன்னகைக்கவும் இல்லை. எனக்கு அந்தப் பயலையும் சாரையும் பானையையும் சேர்த்து உடைக்க வேண்டும்போல் இருந்தது.

"அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

சார் மூக்கில் சீறல் கேட்டது. அடுத்த சீறல் கேட்கவே இல்லை, நேராக வெடித்துவிட்டார். "ஏலே மூதி! நான் என்ன எழுதிக் குடுத்தேன், நீ என்னலே பேசுத? பெரிய மனுசி முன்னால மானத்த வாங்கிட்டியேலே!" ஒரு கை செந்திலின் காதைப் பிடித்தது. இன்னொரு கை ஓங்கியது. பையன் குறுகிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது கோமதி திரும்பவும் பானைக்குப் போனாள். டம்ளரை நிரப்பினாள். வாயில் இருந்த தண்ணீரோடு நடந்து வந்து சார் முன்னால் நின்றாள். டம்ளரை நீட்டினாள்.

கேலியோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. கண்ணில் நீர் காயாத முகம். பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னதை அவள் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். பார்க்கிறவர் நீட்ட வேண்டும். பேசாமல் நீட்ட வேண்டும்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கதவோரம் காபித் தட்டோடு பியூன் நின்றான். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சார் காதை விட்டார். டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஊற்றியதில் பாதி சட்டைப் பைக்குள் போனது. மீதியில் கன்னம் உப்பியது.

"நல்ல பழக்கம்," என்றார் அதிகாரியம்மா. "யாரோட யோசனை?"

சார் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ம்."

"எந்தப் பீரியடுல நடத்துறீங்க?"

"ம்... ம்ம்..."

இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி என் ஆயுசுக்கு வராது என்று எனக்குத் தெரியும். "விளையாட்டுப் பீரியடுலம்மா," என்றேன். "இந்த வருசம் பிள்ளைங்க மைதானத்தையே மிதிக்கல."

சாரின் கண் என்னைப் பொசுக்கியது. வாய் பேச வழியில்லை.

"எந்த நேரத்துல பிள்ளைங்களுக்கு அதிகமா கோபம் வருது?"

"கணக்குலம்மா," என்றேன்.

அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு இதுவரை அடக்கிவைத்திருந்த தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அதிகாரியம்மாவின் முந்தானை நனைந்தது. அவர் அதை உதறிக்கொண்டே சிரித்தார். "விளையாட்டுப் பீரியடை விளையாட்டுக்கே விட்டுடுங்க சார்," என்றார். சார் வாய் நிறையத் தண்ணீரோடு தலையை ஆட்டினார். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை

பள்ளி தொடங்குமுன் பியூன் என்னிடம் ஓடிவந்தான். "டீச்சர், கோமதியையும் அவ அம்மையையும் வரச்சொல்லிருக்காரு. டி.சி. புக்க எடுத்து மேசையில வைக்கச் சொன்னாரு."

நான் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தூணோரம் போய் நின்றேன். கோமதியும் அம்மையும் உள்ளே போனார்கள். அம்மையின் விரல்களில் பீடி இலைக் கறை. சார் டி.சி. கொடுத்தால் உள்ளே புகுந்து சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டேன். எதிலும் மரியாதை இல்லை.

உள்ளே சத்தமே இல்லை. சங்கரலிங்கம் சார் அறையிலிருந்து சத்தம் வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. கோமதி வெளியே வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"என்னட்டி, குடுத்துட்டாரா?"

"இல்ல டீச்சர்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. மொகம் செவசெவன்னு இருந்துச்சு. எங்களப் பாத்ததும் மேசையில இருந்த தண்ணிய எடுத்து வாயில ஊத்திக்கிட்டாரு. நாங்க நின்னுக்கிட்டே இருந்தோம். துப்பவும் இல்ல, முழுங்கவும் இல்ல. பெறகு அந்த புக்க எடுத்து டிராயருக்குள்ள வச்சிட்டு, கிளாசுக்குப் போன்னு கையக் காட்டுனாரு."

அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பயிற்சி வைத்துவிடுவார்.

"ஒங்கம்மை ஒண்ணும் கேக்கலையா?"

கோமதி திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மை அதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"'சாருக்குப் பல்லுவலி போலுக்கு, பாவம்'னு சொல்லிட்டுப் போறா டீச்சர்."

நான் விசிலை எடுத்து ஊதினேன். முதல் பீரியடு எனக்கு. கோமதி செருப்பைத் தூணோரம் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.